சீன எழுத்தாளர் கேட்ட பெயர்

பிள்ளைகளே, நாங்கள் கனடாவில், மல்வேர்னில் இருந்தபோது உங்கள் அம்மா ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தார். அங்கே அவருக்குப் பக்கத்து மேசையில் எண்பது வயது தாண்டிய சீன அம்மா ஒருவர். தன் நாட்டில் அவர் எழுத்தாளர். பெண்களின் மனதைப் பெண்ணே கதையாக எழுதலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவராம்.

தன் கதையொன்றை அவர் அரைகுறை ஆங்கிலத்தில் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் "மூன்றாவது மகன்ரை பெண்சாதி" என்றே கூப்பிடும் ஒருத்தி நோயில் கிடக்கிறாள். என் பெயரை யாராவது சொல்லுங்கள் என்று கேட்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியே செத்துப்போகிறாள்.

அம்மா இதைச் சொன்னபோது நான் சோற்றைக் குழைத்தபடி, "பாவம்" என்றேன். அவ்வளவுதான்.

சான்றிதழ் கொடுக்கும் நாள் வந்தது. அம்மா நல்ல சேலை உடுத்திருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். கனடாக் கடதாசிகளில் என் பெயர்தான் அவருடைய கடைசிப் பெயர். ஆசிரியை அதையே முதலில் வாசித்தார். என் பெயர் காதில் விழுந்ததும் நான் எழும்பிப் போய்ச் சான்றிதழை வாங்கிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பாதி எழும்பிய அம்மா திரும்ப இருந்துவிட்டார்.

சீன அம்மா சிரிக்கவில்லை. கிட்ட வந்து, சான்றிதழில் இருந்த கடைசிப் பெயரில் விரலை வைத்தார்.

"இது உன் பெயரா?"

"ஓம்."

"அவளுடைய பெயர்?"

தெரியும். ஆனால் வாயில் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சேரும்" என்றுதானே கூப்பிட்டிருக்கிறேன்.

"எங்கள் நாட்டில் இப்போது கலியாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் அவளுக்குத்தான். அதற்காகத்தான் எழுதினோம்" என்றார்.

பஸ் தரிப்பில் அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும், கோவமோ?"

"கதையிலை அவள் செத்துப்போனாள். நான் இன்னும் இருக்கிறன். ஒருக்கால் சொல்லுங்கோவன்."

"ரோட்டிலையோ?"

"இஞ்சை ஆருக்கு விளங்கப்போகுது?"

சான்றிதழை அவர் கையில் கொடுத்து, பெயரைச் சொன்னேன். புதிதாய்ப் பேசப் பழகுகிறவனைப் போல எழுத்து எழுத்தாகத்தான் வந்தது.

"பஸ் வாற சத்தத்திலை கேட்கேல்லை" என்றார்.

பஸ் இன்னும் தூரத்துச் சந்தியில்தான் நின்றது. நான் திரும்பவும் சொன்னேன்.