பதினான்காவது கொள்கை

பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் முனையால் காற்றில் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போவார் மார்லிஸ் ஜேடன். உதடு அசையும், சத்தம் வராது. நடுவில் யாராவது பேசினால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. "நான் என்ன ஆட்டுக்குட்டியா எண்ணுறேன்? ஓட்டு எண்ணுறேன்ப்பா!"

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், எங்கள் கவுண்ட்டி என்கிற மாவட்டத்தின் குடியரசுக் கட்சிக்கு முப்பத்தெட்டு வருடமாக அவர்தான் செயலாளர். மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில், பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் மாநாடு. கொள்கை அறிக்கையை அவர் வாசிக்க வாசிக்க ஓட்டெடுப்பு நடக்கும். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பு.

பதினான்காவது கொள்கை அவரே எழுதியது: தடையற்ற உலக வணிகம். அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்கள் சோயா படகேறி, மிசிசிப்பி ஆற்றில் மெல்ல மிதந்து, கடல் தாண்டி, பெயர் தெரியாத ஊர்களின் அடுப்படிகளில் போய் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். உயரத்துச் சன்னல்களில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடம் நாங்களும் எங்கேயோ போய்விடுவோம்.

இந்த வருடம் பாதிப்பேர் புதுமுகங்கள். பட்ஜெட் பற்றாக்குறை என்றால் கொட்டாவி விட்டார்கள். நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கோல்பி ரெமர்ஸ் எழுந்தான். சின்ன வயதில் மார்லிஸிடம் வேதபாடம் படித்தவன். பதினான்கை நீக்கிவிட்டு, இறக்குமதி வரியை ஆதரித்துப் புதுக் கொள்கை வேண்டும் என்றான்.

"அத்தை, உங்க சோயா போன கப்பல்லதான் எங்கப்பா வேலையும் போச்சு. அப்புறம், நீங்க எண்ணுறத நான் படம் புடிப்பேன். இப்பல்லாம் எண்ணுறவங்கள நம்ப முடியல."

முதலாவது அவருக்குத் தெரியாததல்ல. அவன் அப்பா வேலை பார்த்த டிராக்டர் ஆலை மூடிய வாரம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனவரே அவர்தான். இரண்டாவதற்கு, "தாராளமாப் புடிடா. இந்தப் பக்கம்தான் நான் அழகு" என்று கன்னத்தைத் திருப்பினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் காதுமடல் சிவந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்ணி முடித்தார். "நீக்கணும்னு நிக்கிறவங்க நாப்பத்தாறு. உக்காந்திருக்கவங்க நாப்பத்தஞ்சு. பதினாலு போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்ணுவதற்காக நின்றவர் தன்னை எதிலுமே சேர்க்கவில்லை! சேர்த்தால் இரண்டும் சமம். சமமானால் நீக்க முடியாது.

"அக்கா, உங்க ஓட்ட விட்டுட்டீங்களே!" என்றேன், மேடையேறி அவர் காதோரம்.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அறிவிச்சாச்சு. அறிவிச்ச கணக்கைத் தொடக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான்."

"கேட்டா எல்லாரும் ஒத்துக்குவாங்கக்கா."

"ஒத்துக்குவாங்க. ஆனா அந்தப் பய சொன்னது உண்மைன்னு ஆயிடும்."

அப்புறம் கோல்பியின் கொள்கையை எடுத்து, ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், தன்னுடையதை வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். "ஆதரிக்கிறவங்க எந்திரிங்க."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக எழுந்தார்கள். மார்லிஸ் ஒரு நாற்காலியை இழுத்தார். எல்லோர் கண்ணிலும் படும்படி மேடை நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்தார்.