அக்காவுக்காக ஆய்ந்த மஞ்சள் பூ

23 ஏப்ரல் 2023 என்று வலது மூலையில் திகதியிட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதியது. கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது மே 19, வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த திகதியை உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். இந்தப் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

கடிதத்தில் சுகம் விசாரிப்பது இரண்டே வரி. மிச்சம் முழுவதும் கேள்விகள். ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டிருந்தார். அக்கா முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்தவர். கேள்வி கேட்பதை ஓய்வூதியத்தோடு நிறுத்திவிடவில்லை.

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் ஒரு கலண்டர். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் அனுப்பிய பார்சலில் சொக்லேற், பால்மா, மூட்டுவலித் தைலம் எல்லாவற்றுக்கும் அடியில், பெட்டிக்குள் சாமான்கள் ஆடாமல் இருப்பதற்காக வைத்த ஒரு கனடாக் கலண்டர். அதில் ஜூன் மாதத்துக்கு புரூஸ் தீபகற்பத்தின் படம் போட்டிருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே, ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலம் அது. வெள்ளைச் சுண்ணக்கல் பாறை, கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், பாறை இடுக்கில் சிறு குழந்தையின் செருப்பு வடிவத்தில் மஞ்சள் பூக்கள். அக்கா அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த வருடம் முடிந்தது, அடுத்த வருடமும் முடிந்தது, அவர் வீட்டுச் சுவரில் ஜூன் மாதம் மட்டும் முடியவில்லை. "எங்கட கல்லும் உதுதானடா. ஆனா உந்தக் கல்லு பனிக்குக் கீழ கிடந்து எழும்புது. அதுக்குள்ள வேர் எப்பிடித் தாங்குது எண்டு நான் ஒருக்காப் பாக்கவேணும்" என்று போனில் சொல்வார்.

பார்க்க வருவதற்காக விண்ணப்பித்தார். விசா மறுக்கப்பட்டது. அடுத்த முறையும் அதே பதில், திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். அன்றைக்கு நான்தான் கோபப்பட்டேன், அக்கா சிரித்தார். "அந்தக் குளிருக்குள்ள ஒளிச்சு நிண்டு நான் என்ன செய்யிறது எண்டு அவையிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்றார். இரண்டு கிழமை கழித்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். தன்னால் வர முடியாது, நான் போய்ப் பார்த்து எழுதவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

2023 ஜூன் 10, சனிக்கிழமை, காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் என் நண்பர் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். அவரும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். பாதிவழியில் கோப்பி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கேட்டார்: "ஐசே, கல்லுப் பாக்கவோ இவ்வளவு தூரம் ஓடுறம்? யாழ்ப்பாணத்தில கிணறு வெட்டினா வாற கல்லை இஞ்ச வந்து பாக்கிற முதல் ஆள் நீர்தான்."

அங்கே போய் இறங்கி, மரங்களுக்கூடாக நடந்து, பாறை விளிம்புக்கு வந்தோம். படம் பொய் சொல்லியிருக்கவில்லை. தண்ணீரின் அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. நான் குறிப்பெழுதும் கொப்பியை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதத் தொடங்கினேன்.

முதலாவது, தண்ணீர் உப்பா என்பது. ஏரி என்று அக்காவுக்குத் தெரியும், ஆனாலும் நாக்கில் வைத்துப் பார் என்று எழுதியிருந்தார். குனிந்து அள்ளிக் குடித்தேன். உப்பில்லை, பல் கூசும் குளிர். இரண்டாவது, கல்லில் குழிகள் உண்டா. உண்டு, மூடிய கை உள்ளே போகுமளவுக்கு, சிலவற்றில் மழைத்தண்ணீர். மூன்றாவது, வெடிப்புகளுக்குள் என்ன முளைத்திருக்கிறது. விரலளவு பன்னச் செடிகளும் பாசியும். நாலாவது, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. தண்ணீர்ப் பக்கம். மண்ணே இல்லாத பாறைச் சுவரில் முறுகி வளைந்து நின்ற, சீடர் எனும் ஊசியிலை மரங்களில் சில நூற்றுக்கணக்கான வருடம் பழையவை என்று அங்கே எழுதி வைத்திருந்தார்கள். கோடு போட்ட ஒரு சின்ன அணில் என் சப்பாத்தை மோந்துவிட்டுப் போனது. பாம்பு பற்றியும் கரடி பற்றியும் எச்சரிக்கைப் பலகை இருந்ததால் நண்பர் நாலு பக்கமும் பார்த்தபடியே நின்றார். "கரடி வந்தா நான் ஓடுவன். நீர் நிண்டு அதின்ர பிறந்த திகதியைக் கேட்டு எழுதும்" என்றார்.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையும் இருந்தது. பூக்களையோ செடிகளையோ பறிக்கக் கூடாது என்று. நான் அதை வாசித்தேன். வாசிக்காமல் செய்த பிழை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

ஏனென்றால் நான் ஆயத்தமாகவே போயிருந்தேன். என் தோள்பையில் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று, நடுவில் மடித்த பத்திரிகைத் தாள்கள், வீட்டிலேயே எழுதிய ஒரு சீட்டு: இடம், திகதி, சேகரித்தவர் பெயர். பள்ளிக்கூட மாணவர்களுக்காக அக்கா செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் கேட்டது எழுத்து மட்டும். ஆனால் முப்பது வருடமாகப் பார்சல் கட்டிப் பழகிய கை இது. பாசம் என்றால் பெட்டிக்குள் எதையாவது வைத்து அனுப்பவேண்டும் என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பாதையிலிருந்து சற்று விலகி, ஒரு சீடர் மரத்தின் நிழலில் அந்த மஞ்சள் பூ தனியாக நின்றது. ஒரே தண்டு, ஒரே பூ.

"ஐசே, போர்டில என்ன போட்டிருக்கு?" என்றார் நண்பர்.

"ஒண்டுதானே."

"உது கோயிலுக்குப் பூ ஆயிற மாதிரியில்லை. ஆரும் கண்டால் ஏசுவினம்."

நான் ஆய்ந்துவிட்டேன். தண்டு முறிந்த சின்னச் சத்தம் கேட்டது. புத்தகத்தை விரித்தபோது பின்னால் யாரோ இருமினார்கள்.

எழுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கழுத்தில் கயிற்றில் கட்டிய பூதக்கண்ணாடி, முழங்காலுக்கு வைக்கும் சின்ன மெத்தை, கையில் கொப்பி. அவர் சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த பூ அந்தச் சீடர் மரத்துக்குக் கீழே நின்றதா என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். பிறகு கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார்.

அந்தச் செடிக்கென்றே ஒரு பக்கம். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு வரி. ஒரு இலை. ஒரு இலை. இரண்டு இலை. பூவில்லை. மூன்று இலை, பூவில்லை. இப்படியே பக்கம் நிறைய. கடைசி வரி இரண்டு கிழமைக்கு முந்தியது: மொட்டு. இந்த வகைச் செடி முளைத்துப் பூப்பதற்குப் பல வருடங்கள் எடுக்குமாம். இதன் முதல் பூவைப் பார்க்கத்தான் அவர் அன்று வந்திருக்கிறார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நானும் திகதி எழுதி வைக்கிறவன். அந்தப் பக்கத்தை வாசிக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, கலண்டர், சுவரில் நின்றுபோன ஜூன் மாதம், இரண்டு மறுப்புக் கடிதங்கள். மன்னிப்புக் கேட்டேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மெத்தையைப் போட்டு முழங்காலிட்டு, முறிந்த தண்டைக் கண்ணாடியால் பார்த்தார். வேரும் இலைகளும் இருக்கின்றன, திரும்பப் பூக்கலாம், சில வருடம் சும்மா இருந்துவிட்டும் பூக்கலாம், பூக்காமலும் போகலாம் என்றார். பூ இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னார். அவர் காட்டிய இடத்தில், இலைகளுக்குப் பக்கத்தில், என் கையாலேயே அதை வைத்தேன்.

அவர் பென்சிலை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினார்: ஜூன் 10. பூத்தது. பறிக்கப்பட்டது. எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதே வரியில் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்: வர முடியாத ஒரு சகோதரிக்காக.

திரும்பும் வழியில் ஓரிடத்தில் பெரிய ஆமையொன்று வீதியைக் கடந்தது. வானை ஓரமாக நிறுத்தி, அவசர லைற்றைப் போட்டு, அது மறுபக்கம் போகும்வரை காத்திருந்தோம். "இறங்காதையும்," என்றார் நண்பர், "அதையும் பார்சல் கட்டிப்போடுவீர்." அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

அக்காவுக்கு நடந்ததை மறைக்காமல் ஏழு பக்கம் எழுதினேன். கடிதம் கிடைத்த அன்றே போன் வந்தது.

"உன்னட்ட ஆரடா பூக் கேட்டது?"

அக்காவே தொடர்ந்தார்.

"சரி விடு. நாலு கேள்விக்குத்தான் பதில் இருக்கு. ஐஞ்சும் ஆறும் எங்க?"

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது: அந்தப் பூவுக்கு மணம் உண்டா? ஆறாவது: என்ன பூச்சி வருகிறது?

"கையில வச்சிருந்தனி. ஒருக்கா மணந்துகூடப் பாக்கேல்லையோ?" என்றார் அக்கா. அதில் கோபமே இல்லை. ஏங்கிப்போய்க் கேட்டார். அதுதான் என்னை இன்றைக்கும் விடவில்லை. அவர் இங்கே நின்றிருந்தால் முதலில் முழங்காலில் இருந்து மணந்து பார்த்திருப்பார். நான் முதலில் புத்தகத்தை விரித்தேன்.

அடுத்த ஜூனில் மறுபடி போனேன். அந்த வருடம் வசந்தம் முந்திவிட்டது, அந்தப் பக்கத்துப் பூக்கள் எல்லாம் வாடி உதிர்ந்திருந்தன. சீடரின் கீழே இலைகளைக் கண்டேன். நடுவில் காய்ந்த தண்டு ஒன்று நின்றது. அது பூவைத் தாங்கிய தண்டா இல்லையா என்று சொல்லும் அறிவு எனக்கில்லை. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், தெளிவில்லை என்றார். அந்தப் பெண்மணியின் கொப்பியில் பதில் இருந்திருக்கும். ஆனால் கடிதம் வந்த திகதியைக்கூட எழுதி வைக்கும் நான் அவர் பெயரைக் கேட்டு எழுதாமல் வந்துவிட்டேன்.

அக்கா மூன்றாவது தடவையாக விண்ணப்பித்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. அவருடைய ஏழாவது கேள்வி, இந்த வருடம் பூக்கும் செடி அடுத்த வருடமும் பூக்குமா என்பது. நான் ஆய்ந்த அந்தச் செடி திரும்பப் பூத்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை. அக்காவோடு சேர்ந்து போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையால்தான், அதற்குப் பிறகு தனியாகப் போய் உறுதிப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.