அப்பா மொழிபெயர்க்காத வாக்கியம்

என் அப்பாவின் ஆங்கிலம் ஒரு ஹோட்டலில் பிறந்தது. சண்டை தொடங்குவதற்கு முன்பு, வடக்கே கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து வெயில் காய்ந்த காலத்தில், அவர் அங்கே ஐந்து வருடம் வெயிட்டராக இருந்தார். ஹோட்டல்கள் பாழாய்ப் போனபோது ஊருக்குத் திரும்பி, வள்ளம் வாங்கிக் கடலுக்குப் போகத் தொடங்கினார். ஆங்கிலம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. செட்டிபாளையத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடந்த எங்கள் ஊரில், யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்துதான் தமிழாகும். விசாப் படிவம், மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டு, வெளிநாட்டில் வேலை செய்யும் மகனைப் பற்றிக் கம்பனி எழுதிய கடிதம், எல்லாம் வரும். அப்பா கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கி, ஒரு தடவை மனதுக்குள் வாசித்துப் பார்ப்பார். கெட்ட செய்தி என்றால், வந்தவரை முதலில் உட்காரச் சொல்வார்.

எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு நான்தான் முதலில் கையை உயர்த்துவேன். விடை தெரியாவிட்டாலும் உயர்த்துவேன்.

எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. பெரிய தெருவோரம் ஓடு போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. போதகர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டக்களப்பிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் வேதம் வாசித்து ஜெபம் நடத்துவார். பிள்ளைகளுக்கு வினாவிடை சொல்லிக்கொடுப்பதும் அவரே. கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், ஆதியும் அந்தமும் இல்லாதவர், எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர் என்று நான் ஒரே மூச்சில் கொட்டிவிடுவேன்.

“மூச்சு விட்டுச் சொல்லு மகள். அவர் ஓடிப்போகமாட்டார்” என்பார் அப்பா.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலைக் கூட்டி வாங்குப் பலகைகளை நேராகப் போட அப்பாவும் நானும் முன்னரே போய்விட்டோம். நாலு வயதுத் தம்பிக்கு நத்தார்க் காற்சட்டையைப் போட்டுக் கூட்டிவருவதற்காக அம்மா வீட்டில் நின்றார். வீடு கடற்கரையில் இருந்தது. கடல் எழும்பி ஊருக்குள் வந்தபோது அம்மாவின் கை ஒரு தென்னையில் மாட்டிக்கொண்டது. மற்றக் கையில் தம்பி இருந்தான், பிறகு இல்லை. இரண்டாம் நாள் வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் அவனைக் கண்டெடுத்தார்கள். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் முகாமாயிற்று. ஒரு வகுப்பறைக்கு நாலு குடும்பம். முதல் நாட்களில் காத்தான்குடி முஸ்லிம் ஆட்களிடமிருந்து லொறியில் சோற்றுப் பார்சல் வந்தது. தங்கள் கடற்கரையும் அழிந்துகிடந்த நேரத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருப்பார். திறக்கமாட்டார். ஜெபம் நடத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், இப்போது தன்னால் வாசிக்க முடியாமல் கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஆனால் வெளிநாட்டு வாகனங்கள் வரத் தொடங்கியதும் அப்பாவைத் தேடாத ஆள் இல்லை. டொக்டர்மார், கிணறு இறைக்க வந்தவர்கள், கூடாரம் அடிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவர்தான் வாய். மற்றவர்களின் வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் தொலைந்த ஆவணங்களையும் அவர் நாள் முழுக்க ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே திரிந்தேன். என் அப்பா இல்லாவிட்டால் இந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஊமைகள் என்று முகாம் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

மாசி மாதம் ஒரு பிரசங்கியார் வந்தார். உயரமான மனிதர், வெயிலில் சிவந்த முகம். அவரோடு வந்தவர்கள் வள்ளம் இழந்தவர்களுக்கு ஃபைபர் போட் கொடுப்பதாகப் பேச்சு. கொழும்பிலிருந்து கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளருக்கு அன்று காலை காய்ச்சல். ஆகவே அப்பாவைக் கேட்டார்கள்.

பள்ளிக்கூட மண்டபம் நிரம்பிவிட்டது. பெரும்பாலும் சைவ ஆட்கள்தான். போட் பட்டியல் வாசிப்பார்கள் என்பதால் ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வாசித்தார்கள், அப்பாவின் பெயரும் அதில் இருந்தது. பிரசங்கம் முடிந்த பிறகு கையெழுத்து என்றார்கள். அடுத்த வகுப்பறைப் பெண் ஒருவர், இரண்டு மகள்களைக் கடலுக்குக் கொடுத்தவர், அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து கதவோரம் இருத்தினார். நான் முன்வரிசைப் பாயில் முதல் ஆளாக இருந்தேன்.

தொடக்கம் மிக நன்றாக இருந்தது. கடவுள் வானத்தையும் பூமியையும் படைத்தார், கடலுக்கு எல்லை வைத்தார், தலைமயிரைக்கூட எண்ணி வைத்திருக்கிறார் என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா ஒரு மூச்சு இடைவெளியில் தமிழாக்கினார். இரண்டு பேர் பேசுகிறார்கள் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அது ஓடியது. நான் திரும்பித் திரும்பி மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு பிரசங்கியார் குரலைத் தாழ்த்தி ஒரு வாக்கியம் சொன்னார். அப்பா தமிழில் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, பிரசங்கியார் அதையே இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அப்பா மைக்கைப் பிடித்தபடி நின்றார். மண்டபத்தில் ஆட்கள் அசையத் தொடங்கினார்கள். பின்னால் யாரோ இருமினார்கள். இத்தனை பேர் முன்னால் என் அப்பாவுக்கு ஒரு சொல் தெரியாமல் போயிற்றே. மூன்றாம் தடவை பிரசங்கியார் சொன்னபோது அந்தச் சொல் என் காதில் தெளிவாக விழுந்தது: ஆங்க்ரி. எங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் முகங்கள் வரைந்த பக்கத்தில், சிரிக்கும் முகத்துக்கும் அழும் முகத்துக்கும் பக்கத்தில் இருந்த சொல். அது தெரிந்ததும் மற்றச் சொற்களும் வந்து சேர்ந்துகொண்டன.

நான் எழுந்து நின்றேன்.

“கோபம் அப்பா. கடவுளுக்கு இந்த ஊரோட கோபம். அதாலதான் கடல அனுப்பினவர்.”

மைக் இல்லாமலே அது கதவு வரைக்கும் கேட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் ஆங்கிலத்தைக் கண்டு வியக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். “ஓம் மகள். அவர் சொன்னது அதுதான். நீ சொன்னது சரி. இப்ப இரு” என்றார்.

பிறகு பிரசங்கியார் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ‘சேர்’ என்றும், மன்னிக்கச் சொல்லும் ‘சொறி’ என்றும் அதில் வந்தது. ஹோட்டலில் இல்லாத சாப்பாட்டைக் கேட்கும் விருந்தாளியிடம் சொல்லும் அதே மரியாதையோடு சொன்னார். அதன் பிறகு சனங்களைப் பார்த்துத் தமிழில் பேசினார். பிரசங்கம் செய்யும் குரல் அல்ல. வலை இழுக்கும்போது பக்கத்து ஆளோடு கதைக்கும் குரல்.

“கடவுளுக்கு நம்மளோட கோபமாம், அதாலதான் கடல் வந்ததாம். இத நான் என்ட வாயால சொல்லமாட்டன். கடல் ஏன் வந்த எண்டு எனக்குத் தெரியா. ஆனா நான் கும்பிடுறவர எனக்குத் தெரியும். அவரும் மகனப் பறிகுடுத்த தகப்பன்தான். சிலுவையில தொங்கின மகனப் பாத்துக்கொண்டு நிண்டவர். அப்பிடிப்பட்டவர் என்ட புள்ளையப் பறிச்சிருக்கமாட்டார். உங்கட புள்ளையளயும் பறிச்சிருக்கமாட்டார். அண்டைக்கு அவர் எங்க நிண்டவர் எண்டு கேட்டா, என்ட மகனோட தண்ணிக்குள்ள நிண்டவர். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.”

சொல்லிவிட்டு, அதையே பிரசங்கியாருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அது முடிய நேரம் பிடித்தது. அந்த மனிதர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு தன் புத்தகத்தை மூடினார்.

கூட்டம் அதோடு கலைந்தது. அவரோடு வந்தவர்கள் பட்டியலை மடித்துப் பைக்குள் வைப்பதை எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவோடு கடலுக்குப் போகும் ஒருவர், ஒரு வசனம்தானே, சொல்லித் தொலைத்திருக்கலாமே, போட் போகுதே என்று வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். இரண்டு மகள்களை இழந்த அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார்.

“போனாப் போகட்டும் தம்பி. என்ட புள்ளையள் ரெண்டும் என்ன பாவம் செஞ்சதுகள்? அதக் கேக்க இவருக்குத்தானே வாய் இருந்திச்சு.”

அந்தப் பெண் வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அம்மா எழுந்தார். சமையல் கொட்டிலுக்குப் போய்ச் சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு மண்டபத்தின் நடுவாக நடந்து வந்தார். வெள்ளைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, அவருக்குக் கொடுக்காமல், அப்பாவிடம் நீட்டினார். விருந்தாளியை விட்டுவிட்டாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பிரசங்கியார் தனியாக வந்தார். மைக்கும் இல்லை, கூட ஆட்களும் இல்லை. வேப்பமரத்தடி வாங்கில் அப்பாவோடு இருந்தார். ஏதோ கேட்டார். அப்பா கையைத் தன் இடுப்புக்குக் கீழே பிடித்து, தம்பி இவ்வளவு உயரம் என்று காட்டினார். அந்த மனிதர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தன்னால் முடிந்ததைச் செய்வதாகச் சொல்லிப் போனாராம். போட் வரவில்லை. ஆவணி வரைக்கும் எங்கள் ஊர் ஆண்கள் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்துதான் சீவித்தார்கள். பிறகு வேறு யாரோ வள்ளங்கள் கொடுத்தார்கள். சலித்துக்கொண்ட அந்த மனிதர் இரண்டு வருடம் அப்பாவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அதை அப்பா குறையாகச் சொன்னதில்லை. பிரசங்கத்துக்கு அடுத்த ஞாயிறே அப்பா வேதப் புத்தகத்தைத் திறந்தார். மரத்தடியில் எங்களோடு சைவ ஆட்கள் சிலரும் வந்து இருந்தார்கள். அம்மா முன்னால் இருந்தார்.

அந்தக் கூட்டம் நடந்த நாள் பின்னேரம் வாவிக்குக் குளிக்கப் போகும்போது, உனக்கு இங்கிலிஸ் நன்றாக விளங்குகிறது, விட்டுவிடாமல் படி என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு பல கிழமைகள், அப்பாவுக்குத் தெரியாத சொல்லை நான்தான் சொன்னேன் என்று முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவின் காதுபடவே சொன்னேன். அவர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. ஓம், மகள்தான் சொன்னவள் என்று தலையாட்டினார்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் இந்தக் கதையை எடுத்தேன். அம்மா கையை நிறுத்தாமலே சொன்னார்.

“அப்பாக்கு அந்தச் சொல் தெரியாதெண்டா நினைச்ச புள்ள? அஞ்சு வருசம் ஹோட்டல்ல கோவக்காரருக்குச் சாப்பாடு வெச்ச மனுசன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா அந்த வாக்கியத்தைத் தன் நாக்குக்குக் கீழே வைத்து அடக்கிக்கொண்டிருந்தார். அதை வெளியே எடுத்து, பிள்ளைகளைப் புதைத்த அத்தனை பேருக்கும், கதவோரம் இருந்த என் அம்மாவுக்கும் உரக்கச் சொன்னது நான். என் தம்பியைக் கடவுள் கோபத்தில் கொன்றார் என்று நான்தான் சொன்னேன். அதற்கு அவர் எனக்குக் கொடுத்தது பாராட்டு. ஒன்பது வயதில் நான் மன்னிக்கப்பட்டிருந்தேன். அது மன்னிப்பு என்று தெரியாமல், பரிசு வாங்கியவளாய் நிமிர்ந்து நடந்து திரிந்தேன்.