மஞ்சள் தண்ணீர் இறங்கிய இடம்

பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் மினி லாரி, ஆந்திரா பக்கத்து மலைப்பாதையில் இறங்கி, பேரணாம்பட்டு, ஆம்பூர் தோல் பதனிடும் டேனரிகளுக்கு உப்பு போட்ட பச்சைத்தோல் கொண்டுவந்தது. வண்டியை வாங்கியவன் நான். ஓட்டியவர் என் மனைவியின் தம்பி. இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது.

எப்.சி.க்குப் பத்து நாள் இருந்தது. அதில் பாஸ் ஆகாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. வெளியே கொடுத்துப் பெயிண்ட் அடிக்க வசதி இல்லாததால் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் கழுவியே போனது. தகட்டு மடிப்பில் எல்லாம் உப்பு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காய்ந்ததும் மறுபடி வெள்ளை பூத்தது. பிறகு சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். என் மனைவிக்கு விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது. சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள்.

முன்பக்கத்தை மட்டும் நான் கடைசிக்கு வைத்திருந்தேன். கண்ணாடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் அடை மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அங்கே ஊற்றிப் பொட்டு வைப்பேன். துடைக்க விடமாட்டேன். சாமிக்கு ஊற்றியது தானாகக் காயட்டும் என்பேன். மச்சான் ஒருமுறை துணியை எடுத்ததற்கே சத்தம் போட்டிருக்கிறேன்.

கும்பிட்டுவிட்டுச் சுரண்டியை வைத்தேன்.

"இன்னா மாமா, சாமிக்கே மொட்டை போட்றியா?" என்று மச்சான் சிரித்தார்.

அடை பெயர்ந்தது. கூடவே தகடும் பெயர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பார்த்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. டிரைவர் பக்கம் கேபினைத் தாங்குகிற இரும்பு துருவாகக் கொட்டியது. மற்ற இடத்தை உப்பு தின்றது. இந்த இடத்தைத் தின்ன வைத்தது நான்.

வெல்டிங்காரர் வந்து தட்டிப் பார்த்தார். "ஒட்ட வெக்கணும்னா இரும்பு வேணும்ணே. இதுல இன்னா இருக்குது?" என்று போய்விட்டார்.

வேறு கேபின் போட எங்களுக்கு ஏது வழி? மச்சான்தான் வழி சொன்னார். "தகரத்தை வெச்சு மூடி, பட்டி பூசிடலாம். பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்? உள்ள உக்கார்றவன் நான்தானே, எனக்கே பயமில்ல."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். தகரம் வைத்தேன். பட்டி பூசினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தேன். புது வண்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நீல பெயிண்ட் அடிப்பதற்கு முன் பூஜை. என் மனைவி தட்டில் கற்பூரம், சந்தனம் எல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள். நான் சந்தனத்தைத் தொட்டு அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"அங்கியா வெக்கப் போறீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் தம்பி அந்தப் பக்கம் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

முருகா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சுரண்டியை எடுத்தேன். பட்டி தூள்தூளாக விழுந்தது.

"மாமா, உனக்குப் பைத்தியமா? ரெண்டு குடும்பம்!" மச்சான் என் கையைப் பிடித்தார். தகரத்தைக் கையாலேயே பிய்த்து எறிந்தேன்.

லாரியை எடைக்குப் போட்டோம். மச்சான் இப்போது வேறொருவர் வண்டியில் அதே மலைப்பாதையில்தான் போகிறார். என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் ஒரு டேனரியில் தோலுக்கு உப்பு போடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சான் ஓட்டும் அந்த வண்டி எங்கள் டேனரி கேட்டுக்கு வந்தால், யாரிடமும் சொல்லாமல் முன்னால் போய், பொட்டுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வருகிறேன்.