தவிட்டுக்கு வாங்கின தம்பி

சுமன் கணித ஆசிரியராகிப் பேராதனையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அவனுடைய சான்றிதழ்கள் எல்லாம் அக்கா சுதர்சினியிடம்தான் இருந்தன. முதலாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில், வருட வரிசையில் அடுக்கி வைத்திருந்தாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது சமைத்துப்போட்டுத் தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் வேறு ஆள் இல்லை. இப்போது கெலிஓயாவில் தையல் கடையில் வேலை. சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூட, "எங்க தம்பி மேத்ஸ் சார்" என்று சொல்லிவிடுவாள்.

சின்ன வயதில் அவர்களுக்குள் சண்டை வந்தால், "ஒன்னயத் தவிட்டுக்குத்தான் வாங்குனாங்க" என்பாள். அவன் அழுதுகொண்டு ஓடுவான். மூத்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் சொல்லும் கேலிதான். வேறு எதற்கும் கைநீட்டாத அம்மா அந்தப் பேச்சுக்கு மட்டும் அடித்தாள்.

அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகிவிட்டன. போன மாதம் சுமன் வம்சாவளி எழுதத் தொடங்கினான்.

"தாத்தாவோட இந்திய ஊரு பேரு, கலஹாவுல நாம பொறந்த தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் பழைய புத்தகத்துல இருக்குமாம். நீ போய்ப் பாருக்கா. நீதான் ஒரு எழுத்து விடாம எழுதுவ."

தோட்டத்துக் கிளாக்கர் ரமேஸ் தூசி தட்டிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தாத்தாவின் ஊர் இருந்தது. முசிறி தாலுகா. அதோடு எழுந்து வந்திருக்கலாம். சுதர்சினிக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை.

"பொறப்புப் புத்தகமும் இருந்தா குடுங்க தம்பி. நாங்க ரெண்டு பேரும் பொறந்த நேரத்தையும் குறிச்சுக்கிறேன்."

அவளுடையது சரியாக இருந்தது. எண்பத்திரண்டில் சுமன் பிறந்த தேதியில் தாய் பெயர் காத்தாயி, தகப்பன் பெயர் வீரமலை என்று இருந்தது.

"இது வேற ஆளு."

"அன்னிக்கு தோட்டத்துல ஒரே ஒரு பிள்ளதான்க்கா பொறந்திருக்கு." ரமேஸ் ஓரத்தில் ஆங்கிலத்தில் இருந்த குறிப்பை மெதுவாகப் படித்துச் சொன்னார். "தாய் மறுநாள் இறந்திருக்கு. தகப்பன் இந்தியா போக நாள் குறிச்சாச்சு, பாஸ்போட்ல இந்தப் பிள்ள இல்ல. பழனியாண்டி வீட்டுல ஒப்படைச்சிருக்காங்க."

பழனியாண்டி அவள் அப்பா.

சுமனின் பிறப்புப் பதிவு இரண்டு வருடம் பிந்தியது. அப்பாவின் அலட்சியம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள். அவன் வந்தபோது அவளுக்கு நாலு வயது. தவிட்டுப் பேச்சு அவளாகக் கண்டுபிடித்ததில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். அதைத்தான் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சொல்லி அழவைத்திருக்கிறாள்.

தோட்டப் புத்தகத்தில் வீரமலை குடும்பத்தின் பக்கத்தையும் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டாள். ஒரு வரியை அடித்துத் திரும்ப எழுதினாள்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சுமன் போன் பண்ணினான்.

"ஊரு கெடச்சுதாக்கா?"

ஊரைச் சொன்னாள். அதோடு நிறுத்திவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் எழுதுவது பிழையாகிவிடும். சொன்னாலோ, அந்த வம்சாவளித் தாளில் அவள் எங்கே இருப்பாள்?

எழுதி வந்த தாளைப் பிரித்தாள். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு வேற பிள்ளைங்க இருந்துச்சா?"

"ரெண்டு பொண்ணு. அவங்க அப்பாவோட கப்பல்ல போயிருச்சுக."

"அப்ப எனக்கு ரெண்டு அக்கா."

மூன்று என்று திருத்த அவளுக்கு வாய்வரை வந்தது. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றான் சுமன்.

தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, மூத்தவளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.