தூக்கிப் பார்த்து வாங்கிய பூச்செடி

ஈர மண்ணும் எருவும் கலந்த அந்த வாசனை... நசரத்பேட்டை ஹைவே ஓரத்து நர்சரிக்குள் காலை வைத்ததுமே மூக்கில் ஏறும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு, பருத்திப்பட்டில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த புதிது. கேட் பக்கத்தில் ஒரு பூமரம் வைக்க வேண்டும் என்று அம்மா, அப்பா, நான் மூவரும் பஸ் ஏறிப் போயிருந்தோம்.

எந்தப் பூ என்பதில் சண்டையே இல்லை. குவார்ட்டர்ஸில் ஆபீஸர் பங்களா வாசலில் கொத்துக் கொத்தாகப் பூத்ததே, அந்த கிரேப் மிர்ட்டில். இதழெல்லாம் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு ஒட்டும் கிரேப் பேப்பர் மாதிரி சுருங்கியிருக்கும். எங்களுக்கு அது கிரேப் பூ. அம்மாவுக்கு அதன்மேல் ஏழெட்டு வருஷ ஆசை.

நர்சரிக்காரர் கேட்டார்.

"வெள்ள கீது, ரோஸ் கீது, ஊதா கீது. குட்டை ரகம் வோணுமா, நெட்டை ரகமாம்மா?"

ரோஸ் என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். ஆனால் உயரத்தில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு செடியாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே யாரும் செடியை மண்ணில் வைக்க மாட்டார்கள். டால்டா டின், பெயிண்ட் டின், உடைந்த பக்கெட்... வேறு வீடு அலாட் ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு போக வேண்டுமே. அம்மா ஒரே ஒரு தடவை மண்ணில் நட்ட மல்லிக்கொடி, அடுத்து வந்தவர்களுக்குத்தான் பூத்தது. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு அங்கே இருந்தவரை தீரவில்லை.

"குட்டையே குடுப்பா. டின்ல வெச்சா தூக்க சுளுவா இருக்கும்."

அப்பா அவளையே பார்த்தார்.

"தூக்கினு எங்க மே போவப் போற? இது நம்ம ஊடு. இனிமே யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

அம்மா கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். நெட்டை ரகம் இருந்த பக்கம் திரும்பினாள்.

"நெட்டை எவ்ளோ ஒசரம் போவும்?"

"மொட்டை மாடிய தொட்ரும்மா. வெயில் மட்டும் நல்லா படணும்."

"அப்ப அதையே குடு."

அன்று சாயங்காலம் கேட் பக்கத்தில் கிரேப் பூவை நட்டதோடு அம்மாவின் கை நிற்கவில்லை. டின்களில் இருந்த துளசி, ரோஜா, கறிவேப்பிலை, கற்றாழை எல்லாம் மண்ணுக்குள் போயின. பின்பக்க பாத்ரூமுக்குப் போகக்கூட வழி இல்லை. காலியான டின்களை அப்பா அடுக்கி வைத்து, "உங்கம்மாவுக்கு வெறி புடிச்சிக்கிச்சி" என்று சிரித்தார்.

அடுத்த கோடையில் முதல் கொத்து வந்தது. போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு அம்மா காட்டினாள். பால்காரர் தப்பவில்லை, போஸ்ட்மேனும் தப்பவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இப்போது நான் அம்பத்தூரில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறேன். வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனிக்குப் பக்கம். நர்சரிகளில் இன்று ஏகப்பட்ட ரகங்கள்... தொங்குவது, தொட்டியில் வளர்வது, கருஞ்சிவப்பு என்று. போன வாரம் பால்கனிக்கு ஒன்று வாங்கலாம் என்று அம்மாவோடு போனேன். பிடித்த செடி கிடைத்தது. விலை கேட்கும் முன்னே, என்னையும் அறியாமல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"தூக்கிலாம் பாக்காத. புட்ச்சத வாங்கு. நீ காலி பண்ணா நம்ம ஊட்டுக்கு எட்த்துனு வா... மண்ணுல எடம் கீது."