'ஏனுங்க'வுக்கு அவர் சொன்ன பதில்

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. ஆன கையோடு ஏற்காட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து அங்கே ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மலையும் புதிது, மாப்பிள்ளையும் புதிது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் வரப்பைவிட உயரமான எதிலும் நான் ஏறியதில்லை.

மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சேலத்தில் பஸ் போர்டையே திரும்பத் திரும்பப் படித்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சரி, இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, வீட்டில் நெருக்கித் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அடிவாரத்திலேயே நான் முடிவு கட்டிவிட்டேன். இந்த ஆளோடு ஆயுசுக்கும் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று வயிற்றைக் கலக்கியது. அதோடு சேர்த்து, காலையில் சாப்பிட்ட இட்லியும் கலங்கியது. மீதி வளைவுகள் முழுக்க என் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

ஓட்டல் ஒரு பழைய பங்களா. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி, காபித் தோட்டத்தின் நடுவே நடந்து போனோம். வாசலில் மங்கி குல்லா போட்ட ரூம்பாய் எதிரே வந்தார். பெயர்தான் பாய், வயது ஐம்பது இருக்கும்.

"ஏனுங்க" என்றார் என்னைப் பார்த்து.

எங்கள் பக்கத்தில் 'ஏன்' என்றால் ஒரே அர்த்தம்தான். என் கோலத்துக்குக் காரணம் கேட்கிறார் என்று நினைத்து, "பஸ் ஒத்துக்கலை" என்றேன்.

"அட, அப்படீங்களா. வாங்க அம்மிணி."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவர், கொஞ்ச நேரத்தில் எலுமிச்சம்பழம், சுக்குக் காபி, ஒரு வாளி வெந்நீர் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். கம்பளியை உதறி விரித்தார். "நொம்பக் குளுருமுங்க, காலையும் சேத்திப் போத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தாலி ஏறியதிலிருந்து என்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுதபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. தலைசுற்றல் போய்க் கொலைப் பசி. ஒருக்களித்த கதவு வழியே வராந்தா தெரிந்தது. கீழே ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம். அதில் கொஞ்சம் வராந்தாவுக்கே வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ரூம்பாய் படியேறி வந்தார்.

"ஏனுங்க" என்றார் அவரிடம்.

என் கணவர் மாயவரத்துக்காரர், பாவம். ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று விசாரிப்பதாகவே எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"இல்லை, அவங்க தூங்கறாங்க. நான் உள்ளே போனா முழிச்சுக்குவாங்க."

"சரிங்க."

"பொண்ணு பார்க்கப் போனப்ப ஒரே ஒரு தரம் சிரிச்சாங்க. அதிலேயே நான் விழுந்துட்டேன். ரயில்லேர்ந்து பேசணும் பேசணும்னு பார்க்கறேன். வாயைத் திறந்தா உளறிடுவேனோன்னு பயமா இருக்கு. பஸ்ல வேற நான்தான் பின்சீட்டுல உட்கார வச்சேன். என் மேல கோவமா இருப்பாங்க. அதான் இங்கேயே நிக்கறேன்."

ரூம்பாய் தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டார்.

"நானு சும்மா கூப்புட்டனுங்க. காப்பிக்குச் சக்கரை எத்தன போடட்டும்னு கேக்க வந்தனுங்க."

கம்பளியை வாயில் திணித்துப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவர் திரும்பினார். முகம் செக்கச் சிவந்திருந்தது.

"கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுது. எனக்கு ரெண்டு ஸ்பூன்னு சொல்லுங்க."

ரூம்பாய் காபியோடு சுடச்சுட ஒரு தட்டு பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் நாசூக்காக நகர்ந்தார். அதற்கப்புறம் என் கணவரை நிறுத்த முடியவில்லை. ஆபீஸில் மேனேஜர் குறட்டை விடுவது, பெரியப்பாவின் மீசை, சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

இவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று வழி முழுக்கக் கிடந்து தவித்தவள், எனக்கு இவரைப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாய்க்காலில் விழுந்ததை நடித்துக் காட்டுவதற்காக அவர் பஜ்ஜியும் கையுமாக எழுந்து நின்றபோதுதான் கேட்டேன். பிடித்திருந்தது.